மாப்பிள்ளைக் கதவு

அத்தியாயம் 14

அம்மா ஐந்து நாளாக வீட்டில் இருந்தாள். வீட்டுக்குத்தான் தாங்கவில்லை.

முப்பத்தோரு வருஷம் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் முதல் மேசையில் உட்கார்ந்தவளைச் சும்மா இரு என்றால் இருப்பாளா? துணி அலமாரி மூன்று தடவை காலியாகி மூன்று தடவை நிரம்பியது. சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டியாகிவிட்டது. உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று எழுதி அடிக்கோடு வேறு.

இடையில் ஒரு வாரம் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, மையத்தின் எட்டுத் திரைகளும் ஒரே நேரத்தில் அப்படியே நின்றுபோயின. பதினோரு நிமிஷம். அழைப்பும் வரவில்லை, வண்டி அனுப்பவும் வழியில்லை. அம்மா பேசிக்கொண்டிருந்த அழைப்பு பாதி முகவரியோடு அறுந்து போனது. மறுநாள் மென்பொருள் கம்பெனி ஓர் அறிக்கை கொடுத்தது: ‘இயந்திரத்தில் கோளாறு இல்லை. முதல் மேசை ஊழியர் தவறான பட்டனை அழுத்தியிருக்கலாம்.’

அந்த ‘லாம்’ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

அந்தக் கம்பெனியில்தான் அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மூத்தவள் அன்று சாயங்காலமே அம்மாவிடம் வந்து, “நிஜமாவே நீ எதையும் அமுக்கலையாம்மா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அவளை வறுத்தெடுத்து எனக்குக் கடிதம் எழுதினீர்கள். சரியாகத்தான் எழுதினீர்கள். அன்றிலிருந்து அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று புதன்கிழமை. மூன்று மணிக்கு விசாரணை.

அம்மா காலை ஏழு மணிக்கே வேலைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலர் மடிப்பை அவள் அழுத்துகிற வேகத்தைப் பார்த்தால் சட்டைக்கு வாய் இருந்திருந்தால் கத்தியிருக்கும்.

“மத்தியானம் நானும் வரேம்மா” என்றாள் மூத்தவள்.

“எதுக்கு? என் பக்கம் உட்காரவா, உன் கம்பெனி பக்கம் உட்காரவா?”

“அம்மா...”

“அறிக்கைல கையெழுத்து யாருதுன்னு பார்த்தேன். உங்க மேனேஜரோடதுதான். நல்லா இருக்கட்டும்.”

சாப்பாட்டு மேசையில் இளையவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயசு. வாயைத் திறந்தால் மூட மாட்டான், இந்த வீட்டில் சிரிப்பு என்பதே அவன் போடும் சத்தம்தான். ஐந்து நாளாக அந்தச் சத்தம் இல்லை. அம்மாவுக்காக வருத்தப்படுகிறான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

“சாப்பிடுடா. ஆறுது பார்” என்றாள் அம்மா.

“பசிக்கலைம்மா.”

“நான் சஸ்பெண்ட் ஆனா உனக்கேன்டா பசிக்கல? சாப்பிட்டுப் போ.”

அவன் இரண்டு வாய் போட்டுக்கொண்டு, அரைத் தட்டோடு எழுந்து, அக்காவுக்குக் காத்திருக்காமலே கிளம்பிவிட்டான்.

* * *

மேனேஜருக்கு அலுவலகத்தில் ‘பொறுமை’ என்று பெயர். எது நடந்தாலும், தீப்பிடித்தாலும், “பொறுமை, பொறுமை” என்பார். மூத்தவள் அவருடைய அறைக்குள் நுழைந்தபோது அவர் கையில் காபிக் கோப்பை இருந்தது.

“சார், அந்த மையத்து மெஷின்ல என்னென்ன நடந்துச்சுன்னு பதிவாகியிருக்குமே, அந்த லாக் எனக்கு வேணும்.”

“உட்காருங்கம்மா. லீகல்ல கேட்டிருக்கேன். கொஞ்சம் பொறுமை...”

“அஞ்சு நாளா இதையேதான் சொல்றீங்க. எங்கம்மா மூணு மணிக்குப் போய்த் தலை குனிஞ்சு உட்காரணும். நான் உட்கார மாட்டேன். லாக்கைக் குடுக்கலைன்னா விசாரணைல எழுந்து நின்னு, இந்தக் கம்பெனி எதை மறைக்குதுன்னு கேட்பேன். சத்தமாக் கேட்பேன்.”

பொறுமை கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீங்க பார்க்க வேண்டாம்னுதான் குடுக்கலை. உங்களுக்காகத்தான். பார்த்துட்டா அப்புறம் பார்க்கலைன்னு சொல்ல முடியாது.”

“குடுங்க சார்.”

அவர் கொடுத்தார். அவளுக்கிருந்த கோபத்தில் அவர் சொன்னதன் அர்த்தம் உறைக்கவில்லை.

இங்கே அவளுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு தனி அறை உண்டு. ஓர் அறையில் ஒருத்தர் மயங்கி விழுந்தால் பக்கத்து அறைக்காரர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்ப்பார். எல்லா அறைக்கும் நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறதே, அது அப்படியில்லை. எல்லா அறைக்கும் மின்சாரமும் தண்ணீரும் அங்கிருந்துதான் போகிறது. அங்கே ஒருத்தர் விழுந்தால் மொத்தக் கட்டடமும் இருட்டு.

ஆனாலும் அங்கே புது வேலை செய்ய ஆள் தேவைப்படுகிறது. வருகிற அழைப்பை அங்கேயே பார்த்து, எந்த மேசை சும்மா இருக்கிறதோ அதற்கு அனுப்பிவிட்டால் நாலு நொடி மிச்சமாகும். மூச்சு நின்றவனுக்கு நாலு நொடி சின்ன விஷயமில்லை. அதற்காக மொத்த இயங்குதளத்தையும் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்ட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன நிரலைக் கெர்னலுக்குள் அனுப்ப வேண்டும்.

அப்படி அனுப்புவதற்கு முன்னால் வாசலில் ஒரு செக்கர் நிற்கும். நிரலை அது ஓட்டிப் பார்க்காது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கும். இது எங்கெல்லாம் போக முடியும்? தன்னுடையதல்லாத இடத்தைத் தொடுமா? ஆரம்பித்தால் முடியுமா, இல்லை சுற்றிக்கொண்டே இருக்குமா? சந்தேகம் தீர்ந்தால்தான் உள்ளே. ‘எனக்குத் தெரியும், சரியாத்தான் இருக்கு’ என்று எழுதினவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் செல்லாது.

அந்தச் செக்கரை எழுதியவள் மூத்தவள். ஆறு வருஷ உழைப்பு. ‘என் செக்கரைத் தாண்டி ஒரு கொசு உள்ள போகாது’ என்பாள். அந்தத் திமிரில்தான் அம்மாவிடம் அப்படிக் கேட்டாள். மெஷின் தப்புப் பண்ணாது, ஆகவே அம்மாதான் பண்ணியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவள் அவள்.

செக்கர் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிற நிரலுக்கு அந்த அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: மாப்பிள்ளை. வாசலில் நிறுத்தி ‘யார் நீ, எங்கே போறே’ என்று மாப்பிள்ளையை யாராவது கேட்பார்களா? நேராக உள்ளே போய்க் கால் மேல் கால் போட்டு உட்காருவார். ஆரம்பத்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அவளிடம் வந்து, “எங்க ப்ரோக்ராமை மட்டும் மாப்பிள்ளையா வெச்சுக்கம்மா” என்று கெஞ்சினார்கள். “இது கல்யாண வீடு இல்லை சார்” என்று ஒவ்வொருத்தரையும் திருப்பி அனுப்பினாள்.

லாக்கைத் திறந்தாள். வியாழக்கிழமைக்கு ஆறு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, மையத்து மெஷினின் கெர்னலுக்குள் ஒரு நிரல் போயிருந்தது. அழைப்புகளை மேசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிரல். அனுப்பியவர் என்ற இடத்தில் தம்பியின் பெயர்.

சோதனை என்ற இடத்தில் ஒரே சொல்: விலக்கு.



* * *

இளையவனைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள். நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். கேட்டிருக்கும்.

“என் செக்கரை எப்படிடா தாண்டின?”

“அக்கா, மெதுவா...”

“என்ன மெதுவா? சொல்லு. ஏன் சோதனைக்கே குடுக்கலை?”

“டெஸ்ட் மெஷின்ல குடுத்தேன். மூணு தடவை தள்ளிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டே ஆகணும்னாங்க. எனக்குத் தெரியும்க்கா, ப்ரோக்ராம் சரியாத்தான் இருந்துச்சு. உன் செக்கர்தான் தொட்டதுக்கெல்லாம் சந்தேகப்படும்.”

“சரியா இருந்துச்சா? அப்புறம் எப்படி எட்டு ஸ்கிரீனும் செத்துச்சு?”

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

வருகிற ஒவ்வொரு அழைப்பையும் அந்த நிரல் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு இடம் உள்ள பட்டியல். பேசி முடித்ததும் அந்த இடத்தை அழித்துவிடும். ஆனால் மையத்தில் எடுப்பதற்குள் கூப்பிட்டவர் பொறுக்க முடியாமல் போனை வைத்துவிட்டால், அந்த இடத்தை அழிக்க அவன் மறந்திருந்தான். அப்படி வைக்கப்பட்ட ஒவ்வொரு அழைப்பும் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆறாவது நாள் பட்டியல் நிரம்பியது. அடுத்த அழைப்பு வந்ததும் நிரல் காலி இடத்தைத் தேட ஆரம்பித்தது. காலி இடமே இல்லை. கிடைக்கிற வரை தேடு என்று அவன் எழுதியிருந்தான். அதனால் அது தேடிக்கொண்டே இருந்தது. கெர்னலுக்குள் ஒருத்தன் முடிவில்லாமல் தேடிக்கொண்டிருந்தால் வேறு யாரும் எதுவும் செய்ய முடியாது.

“செக்கர் தள்ளினப்போ என்ன சொல்லிச்சு?” என்றாள்.

“‘இந்தச் சுற்று முடியும் என்று உறுதியாகவில்லை’ன்னு.”

“அதேதானேடா! அதையேதானே அது சொல்லிச்சு! உனக்கு எப்பத் தெரியும்?”

“வெள்ளிக்கிழமை.”

“எந்த வெள்ளிக்கிழமை?”

“அம்மாவை அனுப்பின அன்னிக்கு.”

மூத்தவள் கையை ஓங்கினாள். அவன் நகரவில்லை. அந்தக் கையை அவள் படிக்கட்டுக் கம்பியில் போட்டு அடித்தாள். விரல் மூட்டு கன்றிப்போயிற்று.

“அஞ்சு நாள். அஞ்சு நாள் அவ உப்பு டப்பால உப்புன்னு எழுதறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தியேடா!”

“அம்மா எதையும் அமுக்கலை, அதனால நிரூபிக்க முடியாது, விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். சத்தியமா, இன்னிக்கு விட்டுடுவாங்கன்னுதான்...”

“வாயை மூடு. யாருடா உனக்குக் கதவு திறந்து விட்டது? பொறுமையா? எவன் எழுதினான் அந்த விலக்கை? அவனை முதல்ல...”

“நீதான்க்கா.”

“என்ன?”

“நீதான் எழுதின. நான் சேர்ந்த முதல் வாரம். ஞாபகம் இல்லையா?”

இல்லை. அவன் தன் போனில் எடுத்துக் காட்டினான். அவளுடைய செக்கரின் நடுவில், அவளுடைய கையால் எழுதப்பட்ட ஒரு வரி. தம்பியின் அடையாளச் சாவியோடு நிஜ மெஷினுக்கு வரும் நிரலைச் சோதிக்க வேண்டாம் என்று. பக்கத்தில் அவளே எழுதி வைத்த குறிப்பு: ‘தற்காலிகம். அவனுக்கு முதல் வேலை, பாவம். நாளைக்கு எடுத்துடணும்.’

தேதி மூன்று வருஷத்துக்கு முந்தியது.

ஊரில் இருக்கிற மாப்பிள்ளைகளையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியவள், சொந்தத் தம்பியை மாப்பிள்ளையாக்கி உட்கார வைத்திருக்கிறாள். அதை மறந்தும் போயிருக்கிறாள். இவ்வளவு நேரம் அவன் மேல் இருந்த கோபம் எங்கேயும் போகவில்லை. அதில் பாதி திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. கன்றிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அவள் அந்தப் படியில் உட்கார்ந்தாள்.

பிறகு எழுந்து தன் மேசைக்குப் போய் அந்த வரியை அழித்தாள். எல்லா மெஷின்களுக்கும் அனுப்பினாள். மணி ஒன்று ஐம்பது. இனி யாராக இருந்தாலும் சோதனை உண்டு.

அப்போதுதான், பின்னாலேயே வந்து நின்ற தம்பியிடம் கேட்கத் தோன்றியது. “மெஷினைத் திரும்ப ஆன் பண்ணப்போ உன் ப்ரோக்ராமும் திரும்ப ஏறிடுச்சா?”

அவன் தலையாட்டினான்.

“அப்போ பட்டியல் மறுபடி நிரம்பிக்கிட்டிருக்கு. இப்ப எத்தனை?”

அவன் திரையில் பார்த்துச் சொன்னான். நாலாயிரத்து அறுபத்து நாலு.

முப்பத்திரண்டு பேர். இன்னும் முப்பத்திரண்டு பேர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பொறுக்காமல் வைத்தால் எட்டுத் திரையும் மறுபடி நிற்கும்.

“திருத்து. செக்கர் ஒத்துக்கிற மாதிரி திருத்து. நான் அம்மாகிட்டப் போறேன். உன் ப்ரோக்ராமைக் கழட்டணும்னா மையத் தலைவர் அனுமதி வேணும்.”

“அம்மாகிட்டச் சொல்லப் போறியா?”

அவள் லாக்கை அச்செடுத்துக்கொண்டு மடிக்கணினியோடு கிளம்பினாள். 

* * *

விசாரணை நடந்தது மையத்துக்குள்ளேயே ஓர் அறையில். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் எட்டு மேசைகள். முதல் மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தாள்.

மேசைக்கு ஒரு பக்கம் மையத் தலைவர். பக்கத்தில் அறிக்கையோடு பொறுமை. எதிரில் அம்மா, மடிப்புக் கலையாத சட்டையோடு. தலைவர் கெட்டவரில்லை, ஆனால் காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவர்.

“பத்து நாற்பத்தஞ்சுக்கு உங்க கை எங்க இருந்துச்சு மேடம்?”

“அஞ்சு நாளா நானும் அதையேதான் சார் யோசிக்கறேன்” என்றாள் அம்மா.

மூத்தவள் கதவைத் தட்டவில்லை. மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“நீங்க யாரு?” என்றார் தலைவர்.

“இவங்க பொண்ணு. அந்த செக்கரை எழுதினவளும் நான்தான்.”

“பொறுமை, பொறுமை” என்று பாதி எழுந்தார் பொறுமை.

“நீங்க உட்காருங்க சார். உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் ‘அழுத்தியிருக்கலாம்’னு எழுதினீங்க.”

லாக்கை மேசையில் விரித்து வைத்தாள். எங்கேயும் நிறுத்தாமல் சொன்னாள். சோதிக்காத நிரல் உள்ளே போனது, பட்டியல் நிரம்பியது, திரைகள் நின்றன. அனுப்பியது என் தம்பி. சோதனை இல்லாமல் உள்ளே விட்டது நான். எங்கம்மா எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை.

தலைவர் காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தில் இருந்தது, ஆகவே நம்பினார்.

அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை. “தம்பியா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“எப்பத் தெரியும்?”

“எனக்கு இன்னிக்குத்தான். அவனுக்கு... வெள்ளிக்கிழமையே.”

அம்மா எழுந்து அழுது மகளைக் கட்டிக்கொள்வாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இந்த அம்மாவை இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை.

“அஞ்சு நாள் என் கையால சாப்பிட்டான். நீ என்னை நேராவே கேட்ட, அமுக்கினியான்னு. அன்னிக்கு ராத்திரியிலிருந்து கண்ணை மூடினா என் விரல்தான் தெரியுது. அமுக்கினேனோ, அமுக்கிட்டு மறந்துட்டேனோன்னு. முப்பத்தோரு வருஷம் நம்பின விரல்டி இது. அது மேலயே எனக்குச் சந்தேகம் வர வெச்சீங்களே ரெண்டு பேரும்! இப்ப வந்து மன்னிப்புக் கேட்டா அந்த அஞ்சு நாள் திரும்பி வருமா?”

“வராதும்மா.”

“தெரியுதுல்ல? அப்போ கேட்காத.”

மூத்தவள் கேட்கவில்லை. தலைவர் பக்கம் திரும்பி, “சார், இன்னொன்னு இருக்கு. அது மறுபடி நிரம்பிக்கிட்டிருக்கு” என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் அவள் போன் அடித்தது. இளையவன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, திருத்திட்டேன். இப்ப, எடுக்கறதுக்குள்ள வெச்சுட்ட அழைப்போட இடமும் அழிஞ்சுடும். ஆனா செக்கர் உள்ள விட மாட்டேங்குது. கதவைத் திறந்து விடு. ரெண்டே நிமிஷம், போட்டுட்டு மூடிடலாம். பதினொரு இடம்தான்க்கா மிச்சம். இல்லை, பத்து.”

“ஏன் தள்ளுது?”

“அதே பழைய புலம்பல்தான். சுற்று முடியும்னு உறுதியாகலையாம். முடியும்க்கா! இனிமே எப்பவும் காலி இடம் இருக்கும். எனக்குத் தெரியும், சத்தியமா சரியா இருக்கு!”

“திறங்க!” என்றார் பொறுமை. “என்ன யோசனை? சீக்கிரம் திறங்க!”

இருபது வருஷத்தில் அவர் வாயில் ‘சீக்கிரம்’ என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

“அது ஒண்ணுதான் வழின்னா திறங்கம்மா” என்றார் தலைவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவளின் மடிக்கணினி திறந்திருந்தது. ஒரு வரி எழுதினால் போதும். தம்பி சொல்வது சரியாகவும் இருக்கலாம். செக்கர் நல்லவனையும் சில சமயம் வாசலில் நிறுத்திவிடும், அது அவளுக்குத் தெரியாததில்லை. விரல் பட்டன்கள் மேல் நின்றது.

“அது என்ன கேட்குது?” என்றாள் அம்மா.

“எதும்மா?”

“உன் செக்கர். அது கேட்கற கேள்வி என்ன?”

“இது முடியும்னு எனக்குக் காட்டுன்னு கேட்குது.”

“அவன் காட்டினானா?”

“இல்லை. முடியும்னு சொல்றான்.”

“போன தடவையும் அதைத்தானே சொன்னான்?” அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். “இப்ப இருக்கறதைக் கழட்டிட்டா என்ன ஆகும்?”

“எதுவும் நிக்காது. ஆனா பிரிச்சுக் குடுக்க ஆள் இருக்காது. வர்ற எல்லா அழைப்பும் ஒரே மேசைல போய் விழும்.”

“எந்த மேசைல?”

“முதல் மேசைம்மா.”

அம்மா எழுந்துவிட்டாள்.

“மேடம், நீங்க சஸ்பென்ஷன்ல இருக்கீங்க” என்றார் தலைவர்.

“அதையும் எழுதிக்கோங்க சார். பேனா இருக்குல்ல?”

போனைக் குனிந்து பார்த்தாள். “டேய். கேட்குதா?”

“அம்மா... நான் வந்து...”

“என்கிட்ட எதுவும் சொல்லாத. அது என்ன கேட்குதோ அதுக்குப் பதில் எழுது. அதுகிட்டச் சத்தியம் பண்ணாத, காட்டு.”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். புதுப் பெண் துள்ளி எழுந்து ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அம்மா உட்காராமலே மற்ற ஏழு பேருக்கும் சொன்னாள்: “எல்லாம் எனக்குத்தான் வரும். நான் இடத்தைக் கேட்டுச் சீட்டுல எழுதித் தரேன். வாங்கிட்டுப் போய் வண்டியை அனுப்புங்க. யாரும் என்கிட்டக் கேள்வி கேட்காதீங்க, எனக்கு நேரம் இருக்காது. நீ என் பக்கத்துலயே நில்லும்மா, சீட்டு உன் கையில.”

தலைவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு தடவை தலையை ஆட்டினார். அதுதான் அனுமதி.

மூத்தவளும் உள்ளே ஓடினாள். “ஆறு இடம் மிச்சம்மா.”

“கழட்டு.”

கழற்றினாள்.

மற்ற ஏழு மேசைகளுக்கும் புது அழைப்பு வருவது நின்றது. முதல் மேசையில் காத்திருக்கும் அழைப்புக்கு ஒன்றாக ஒரு விளக்கு, உடனே இரண்டு, அப்புறம் ஐந்து விளக்குகள் எரிந்தன. அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து, இடத்தைக் கேட்டு, எழுதி, சீட்டை நீட்டி, அடுத்ததை எடுத்தாள். விரல்கள் எங்கேயும் தடுக்கவில்லை. எட்டாவது விளக்கும் எரிந்தது. சீட்டை வாங்கின பெண் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடி வந்தாள்.

மூத்தவள் கையில் இருந்த போனில் இளையவனின் செய்தி வந்தது. செக்கர் மறுபடி தள்ளிவிட்டதாம். இன்னொரு தடவை எழுதுகிறானாம். முடிந்ததும் இங்கேயே வரட்டுமா என்று கேட்டிருந்தான்.

அவள் குனிந்து அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா திரும்பவில்லை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள். “அந்த செக்கர் அவனை உள்ள விடற வரைக்கும் அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. சொல்லிடு.”

“நான் வரலாமாம்மா?”

கேட்டிருக்க வேண்டாம். வாயிலிருந்து வந்துவிட்டது.

பத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அம்மா மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.